தங்கை சொன்ன தாய்லாந்துத் தொடர்

தொண்ணூறுகளின் நடுவில், ஊரப்பாக்கத்தில் என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஒன்று முளைத்தது. அவள் கணவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. கம்பியையும் வலையையும் வளைத்து அவரே செய்தது. இப்படியும் அப்படியும் திருப்பியதில் தாய்லாந்து சேனல் ஒன்று கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தது. தாம்பரத்தில் எங்கள் டிவியிலோ தூறல் போட்டாலே பூச்சி பறக்கும்.

டிஷ்ஷைப் பார்த்து வந்தது சின்னப் பொறாமைதான். பெரியது பின்னால் வந்தது. சனிக்கிழமை மதியம் அந்தச் சேனலில் ஒரு குடும்பத் தொடர் ஓடும். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் படம் ஓட ஓட என் தங்கை, கூடியிருக்கும் தெருப் பெண்களுக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். பச்சைப் பட்டு கட்டியவள் மாமியாராம், மருமகளை விரட்டச் சதி செய்கிறாளாம். அத்தனையும் அவளே கட்டிய கதை.

எங்கள் குடும்பத்தில் கதை சொல்வதில் பேர் வாங்கியவள் நான். பள்ளிக்கூட டீச்சர். கல்யாண வீடுகளில் என்னைச் சுற்றித்தான் கூட்டம் உட்காரும். இப்போது என் பிள்ளைகள் இருவருமே சனிக்கிழமையானால் ரயிலேறிச் சித்தி வீட்டுக்கு ஓடினார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, அவள் குரலிலேயே பேசிக் காட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

என்னோடு வேலை பார்த்த டீச்சரின் கணவர், பாங்காக்கில் ஒரு ஓட்டலில் பல வருஷம் சமையல்காரராக இருந்தவர். உதவி செய்கிற பாவனையில் அவரை ஒரு சனிக்கிழமை அழைத்துப்போனேன். தங்கை சந்தோஷமாக நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, பச்சைப் பட்டுக்காரி மாமியார் இல்லை, பெற்ற அம்மா, மகளை வெளியூருக்குப் போய்ப் படிக்கச் சொல்லித் திட்டுகிறாள் என்றார் அவர்.

பெண்கள் தங்கையைப் பார்த்தார்கள். ஒருத்தி அவரிடம் கேட்டாள்: "அப்ப போன வாரம் செத்தது யாரு சார்?"

"யாரும் சாகலையேம்மா."

நான் சிரித்துக்கொண்டே, "இத்தனை நாளா எல்லாரையும் ஏமாத்திட்டு இருந்தியாடி?" என்றேன்.

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குப் புரியுதுன்னு நான் எப்பக்கா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் அந்தச் சேனலைப் போடவில்லையாம். பெண்கள் வருவது நின்றது. பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். இனி என் முறைதான் என்று அவர்களை உட்கார வைத்து அந்தத் தொடரின் மீதியை நானே சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே மகன் எழுந்துவிட்டான். "அந்த மாமியார் என்ன ஆனாங்கன்னு சித்திக்குத்தாம்மா தெரியும்."

ஒரு மாதம் பொறுத்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மீதிக் கதையைச் சொல் என்று கேட்டேன். முதலில் மறுத்தாள். பிறகு, கையில் வேலை நடக்க நடக்க, மெல்ல ஆரம்பித்தாள். டிவி அணைந்துதான் இருந்தது.

நன்றாகச் சொன்னாள், நான் சொல்வதைவிட நன்றாக. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் எனக்கு அது பொறுக்கவில்லை.