ஒரு வரி முன்னால்

கனடாவின் கல்கரி நகர ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் வாசிப்பதை எட்டிப் பார்க்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுற்றியிருப்பவர்களின் கழுத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாலும் கழுத்து மட்டும் ஆளுக்கொரு திசையில் இருக்கும். ஆனால் அன்றைக்கு என்மீது தவறில்லை. பக்கத்தில் இருந்த மனிதர் மூக்குக்கு முன்னால் பிடித்திருந்த டேப்லட்டில் ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் அளவு இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு திரைக்கு நாலைந்து சொல். பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு பெண் ஆற்றங்கரையில் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்ற இடத்தில் அவர் சட்டென்று அடுத்த திரைக்குப் போய்விட்டார். நான் இன்னும் முடிக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஆங்கிலத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்து அவர் எழுந்து வழிவிட்டார். அவர் எழுந்த மரியாதைக்காக நானும் எழுந்தேன். ரயில் நின்று, கதவு திறந்து, மூடி, மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். "இது உங்கள் ஸ்டேஷன் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "பிறகு எதற்காகப் பொறுக்கச் சொன்னீர்கள்?" "அந்தப் பெண்ணைத் தேடி யாராவது வந்தார்களா என்று தெரிய வேண்டும்." கோபப்படுவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு டேப்லட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். தன் பார்வையில் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம்தான் மிச்சம் என்று, மழை வரும்போல என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். இதே வார்த்தையைப் பெரியம்மா சொல்லக் கேட்டிருந்தேன். மாத்தளைக்குப் போய்க் கண் கிளினிக்கில் காட்டிவிட்டு வந்த அன்று போனில் சொன்னது: "நடுவுல இருக்கிறது எல்லாம் போச்சு புள்ள, ஓரத்துலதான் ஒலகம் தெரியுது." பெரியம்மாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குப் பளிச்சென்று பட்டது அங்கேதான். இறங்க வேண்டிய ஸ்டேஷன் எப்போது போனதென்றே தெரியவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா, பெயர் சரஸ்வதி. இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து இரத்தோட்டையில் மிளகு சுத்தம் செய்யும் கிடங்கு ஒன்றில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், வேலை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுளகில் மிளகைப் புடைத்துக் கல்லும் காம்பும் பொறுக்குவார்கள். பருவத்துக்குப் பருவம் கராம்பும் ஏலமும் சாதிக்காயும் வரும். பெரியம்மாவும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார், ஆனால் மடியில் சுளகு இருக்காது, மாத நாவல் இருக்கும். அவர் வாசிக்க மற்றவர்கள் புடைப்பார்கள். சுத்தம் செய்த மிளகை நிறுத்துத்தான் கூலி என்பதால், ஒவ்வொருத்தியும் சாக்கை நிறுக்கக் கொண்டுபோகும் முன் ஒரு கைப்பிடி அள்ளிப் பெரியம்மாவின் சாக்கில் போட்டுவிட்டுப் போவாள். யாரும் பேசி வைத்த ஏற்பாடில்லை அது. கதை ருசியான இடத்தில் நின்றிருந்தால் கைப்பிடி கொஞ்சம் பெரிதாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போகிற நாட்களில் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, ஸ்டோர் வாசலில் நின்ற லொறியே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். உள்ளே மிளகுத் தூசியில் யாராவது தும்முவார்கள். பெரியம்மா அந்தத் தும்மலுக்காக நிறுத்தி, பிறகு விட்ட சொல்லிலிருந்து எடுப்பார். மாமியாருக்கு ஒரு குரல், வக்கீலுக்கு ஒரு குரல். கெட்டவன் பேசும்போது, வட்டத்தில் ஒருத்தரான புஷ்பக்கா சுளகை ஓங்கித் தட்டுவார். கெட்டவன் தலையில் தட்டுவதாக அவருக்கு எண்ணம்.

சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், கண்ணைத் தின்னத் தொடங்கியபோது பெரியம்மா முதலில் புத்தகத்தைத் தூரத் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டப் பிடித்தார், பிறகு பல்பு நேராக விழும் இடத்துக்கு மாறி உட்கார்ந்தார். முதலாளி நல்ல மனிதர்தான். "சரஸ்வதி, வாசிக்க ஏலாட்டி சுளகை எடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றாராம். மிளகு எது, அதே நிறத்தில் அதே அளவில் கிடக்கும் கல் எது என்று பிரிப்பதற்கு, கதை வாசிப்பதைவிடக் கூர்மையான கண் வேண்டும். வாசிப்புப் போனால் சுளகும் இல்லை, சுளகும் இல்லையென்றால் அந்த வட்டத்தில் அவருக்கு இடமும் இல்லை. பெரியப்பா போன பிறகு பெரியம்மாவுக்கு நாள் என்பதே அந்த ஸ்டோர்தான்.

ரயிலில் கண்ட அதே மாதிரி டேப்லட் ஒன்றை வாங்கி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கணினிப் படிப்புக்காக வந்தவள். இப்படி ஒரு வேலை கிடைத்தால் எனக்குத் தூக்கம் வராது. தமிழ் எழுத்துரு மாற்றி, கறுப்புத் திரை வைத்து, மாத நாவல்களின் மின்பதிப்புகளைத் தேடி ஏற்றியிருந்தேன். ஸ்டோரில் அதைப் பிரித்த அன்று எல்லோரும் வீடியோவில் வந்தார்கள்.

"என்ன சரசக்கா, இந்த வயசுல சிலேட்டு வாங்கிட்டீங்க? எழுத்தெல்லாம் நம்ம மாரியம்மன் தேரு நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார் புஷ்பக்கா.

"நீயும் வந்து படி. அப்பயாவது நாலு எழுத்து வரும்."

"எனக்கு எதுக்கு? வாசிக்கத்தான் ஒங்கள வச்சிருக்கோமே."

பெரியம்மா சத்தமாக வாசித்தார். விரலால் திரையைத் தள்ளித் தள்ளி, கொஞ்சம் நொண்டியபடி, ஆனால் வாசித்தார். நான் இங்கே சமையலறையில் தனியாகக் கைதட்டினேன்.

புஷ்பக்காவின் மகள் வீட்டில் சொல்லாமல் ஒரு பையனோடு உக்குவளைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்டோரில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் வாசித்த கதையில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பேசுகிறார். "ஓடிப்போனவளை ஏன் குறை" என்று ஒரு திரை. "சொல்ல வேண்டும்?" என்று ஒரு திரை. புஷ்பக்கா தலையை ஆட்டிக்கொண்டே புடைத்தாராம். பெரியம்மாவும் கதை ஆறுதல் பக்கம் போகிறதென்று நம்பி, குரலை உயர்த்தித் திரையைத் தள்ளினார். "வளர்த்தவளை அல்லவா செருப்பால் அடிக்க வேண்டும்!" வக்கீலுக்கு எடுக்கும் அதே குரலில், முழு மூச்சோடு. சுளகுச் சத்தம் நின்றுவிட்டது. புஷ்பக்கா எழுந்து வெளியே குழாயடிக்குப் போனார். வந்து மீதி மிளகைப் புடைத்தார். நிறுக்கப் போகும்போது பெரியம்மாவின் சாக்கைத் தாண்டிப் போனார், கைப்பிடி விழவில்லை.

அன்று போனில் பெரியம்மா கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. "அவ அள்ளிப் போடல புள்ள" என்று திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார். பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. புத்தகம் கையில் இருந்த காலத்தில் பெரியம்மாவின் வாய் ஒரு வரியில் இருந்தால் கண் இரண்டு மூன்று வரி முன்னால் போயிருக்கும். அங்கே என்ன வருகிறது, இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும். புருஷனை இழந்தவள் வட்டத்தில் இருந்தால் தாலி அறுக்கும் காட்சி வராது. பிள்ளை தங்காதவள் இருந்தால் வளைகாப்பு வெறும் விருந்தாகிவிடும். யாருக்கும் தெரியாமல், வாக்கியம் உடையாமல், அவர் அதைச் செய்துகொண்டே வந்திருக்கிறார். என்னுடைய பெரிய எழுத்து மிச்சமிருந்த ஓரப்பார்வைக்கு உதவியது, அந்த முன்பார்வையைப் பறித்துவிட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்து புஷ்பக்காவே பேசினாராம். "நீங்க வேணும்னு வாசிச்சீங்கன்னு நான் சொல்லல அக்கா. இத்தன காலம் எனக்காக எத்தன எடத்த வாசிக்காம விட்டிருப்பீங்கன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்." அன்றைக்கும் கைப்பிடி வரவில்லை.

கல்கரியில் இது யாருக்கும் புரியப் போவதில்லை. நூலகத்தில் பார்வைக் குறைவுள்ளவர்களுக்கென்று ஒரு மேசை இருக்கிறது. அங்கே இருந்த பெண்ணிடம், சொல்வதற்கு ஒரு வரி முன்னால் பார்க்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். எழுத்தைச் சிறிதாக்கினால் அதிக வரி தெரியும் என்று அன்பாகச் சொன்னாள். சிறிதாக்கினால் தெரியாது என்பதால்தானே பெரிதாக்கினோம் என்றேன். "அப்படியானால் மெதுவாக வாசிக்கட்டும், யாரும் அவசரப்படுத்த மாட்டார்களே" என்றாள். அவள் மனத்தில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஓர் ஆள். இந்தக் கருவிகளைச் செய்தவர்களின் மனத்திலும் அதே ஆள்தான் இருந்திருக்க வேண்டும். வாசிப்பது என்றால் தனியாக இருப்பது என்று நினைக்கும் ஊர் இது. எனக்கோ, தனியாக ஒரு புத்தகத்தை முடித்தால் இன்னமும் ஏதோ ஒளித்துவைத்துச் சாப்பிட்டது போல இருக்கிறது.

கண்ணால் முடியாத முன்பார்வையைக் காதால் செய்யலாமே என்று அடுத்துத் தோன்றியது. டேப்லட்டே வாசிக்கும், ஒரு காதில் இயர்போன், ஒரு வாக்கியம் கேட்டதும் வயரிலுள்ள பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, பெரியம்மா அதைத் தன் குரலில் சொல்லலாம். விட வேண்டியதை விடலாம். ஆனால் முதல் நாளே, அது எப்படித்தான் பேசுகிறதென்று பார்க்க, ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டுக் காட்சியும் சந்தைக் காட்சியும் ஒரே குரலில் வந்தன.

"அல்லாவே, இந்தப் பொம்புள மூச்செடுக்காமப் பேசுறாளே" என்றார் வட்டத்தில் இருந்த மும்தாஜ் ராத்தா. "தும்மினாலும் நிக்கிறதே இல்ல."

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தங்கள் கதைகளைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இயர்போனில் கேட்டபோதும் பெரியம்மாவுக்குச் சரிவரவில்லை. "யாரு கோவமா பேசுறா, யாரு அழுவுறான்னு தெரியாம நான் எந்தக் குரல எடுக்கிறது? இது எல்லாத்தையும் பஸ் அறிவிப்பு மாதிரி சொல்லுது."

அப்படியானால் நான் வாசித்து அனுப்புகிறேன் என்றேன். உடனே பெரியம்மாவிடமிருந்து நிபந்தனைகள் வந்தன. பேசுவது யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நீள வாக்கியத்தை மூச்சு நிற்கிற இடத்தில் உடைக்க வேண்டும். அழுகிற இடத்தில் நான் அழக் கூடாது. அழுகிறாள் என்று தெரிந்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நேற்று முதல் அத்தியாயத்தை என் அறையில் போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தேன். வெளியே பனி கொட்டியது. சத்தமில்லாத பனி, தும்மி நிறுத்த வைக்க ஆளில்லாத அறை. பாதியில் ஒரு இடம் வந்தது: ஒரு தாய் மகளைத் தேடி பஸ் நிலையத்தில் நிற்கிறாள். மகள் பார்த்தும் பார்க்காதது போலப் போகிறாள். நிறுத்திவிட்டுப் பெரியம்மாவை அழைத்தேன். "இந்த எடத்த விட்டுடவா பெரியம்மா?"

"நீ எதையும் விடாத. எல்லாத்தையும் வாசி."

"புஷ்பக்கா இருப்பாங்களே?"

"அவ இருக்காளா, எப்படி உக்காந்திருக்கா, சுளகு எப்படித் தட்டுது, அதெல்லாம் கேட்டுத்தான் புள்ள விடுறதா சொல்றதான்னு தெரியும். கனடாவுல இருந்துகிட்டு ஒனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டதும் சுருக்கென்றது, ஆனால் உண்மைதான். அந்த வட்டத்தில் இன்று யார் என்ன சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எதை விடுவது என்று முடிவு செய்கிற உரிமை விமானம் ஏறியபோதே என் கையைவிட்டுப் போயிருக்கிறது. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிற வேலைதான் எனக்கு மிச்சம். மறுபடி போர்வைக்குள் போய், அந்தத் தாயை பஸ் நிலையத்தில் கடைசி வரை நிற்க வைத்து வாசித்து முடித்தேன்.

திங்கட்கிழமை பெரியம்மா இதை வைத்து முதன்முதலாக வாசிக்கப் போகிறார். ஒரு காதில் நான் இருப்பேன், மறு காதில் சுளகுகள். நான் சொன்னதில் எது அந்த அறைக்குள் போய்ச் சேரும், எது அவர் காதோடு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியப் போவதில்லை. சாயந்தரம் போன் எடுப்பார். புஷ்பக்கா கை அவர் சாக்குக்கு மேலே வந்து நின்றதா என்று மட்டும் கேட்பேன்.