ஒருவர் மட்டும் கேட்ட பாட்டு

ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்து, நானும் நண்பனும் மலையகப் பாட்டுகளுக்காக ஓர் இணையத்தளம் நடத்துகிறோம். காமன் கூத்து, பஜனை எல்லாம் அதில் கேட்கலாம். ஆனால் பாட்டுகள் எங்களிடம் இருந்ததில்லை. பாடியவர்கள் ஒரு வெளிநாட்டுக் கம்பனியில் கணக்குத் திறந்து ஏற்றியிருப்பார்கள். எங்கள் தளம் அங்கிருந்து எடுத்துக் கேட்கவைக்கும். இரவல் சாமானை வைத்துக் கடை போட்டிருந்தோம், அவ்வளவுதான்.

அக்கரப்பத்தனையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவின் கணவர், காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவர். மன்மதன் எரிந்த பிறகு ரதி அழும் பாட்டைப் பாடி ஏற்றியிருந்தார். அவர் இறந்து சில மாதம் கழித்து அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"போன் நெறைஞ்சிருச்சுங்க தம்பி. அவரு பாட்டு இதுலயும் இருக்கு, ஒங்ககிட்டயும் இருக்கு. இதுல அழிக்கலாங்களா?"

"அழிச்சிருங்கக்கா. நம்மகிட்ட பத்திரமா இருக்கு."

யோசிக்கக்கூட இல்லை. பெரிய ஆள் மாதிரி சொல்லிவிட்டேன்.

போன வருடம் அந்தக் கம்பனி விதியை மாற்றியது. கணக்கு வைத்திருப்பவர் மறுபடி சம்மதம் தந்தால்தான் எங்களைப் போன்ற வெளியாட்கள் பாட்டை எடுக்க முடியும். சம்மதம் வராத கணக்குகள் ஒரு மாதத்தில் அழிக்கப்படும். செத்தவர் எங்கே போய்ச் சம்மதம் தருவார்? அந்த மாதிரிப் பாட்டுகளை அதற்குள் நாங்களே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், தளத்தையும் புது விதிக்கு மாற்றி எழுத வேண்டும். இருந்தது இரண்டே பேர். அதிகம் பேர் கேட்ட பாட்டிலிருந்து தொடங்கலாம் என்றேன் நான். நல்ல யோசனை என்று எனக்கே ஒரு பெருமை.

ரதியின் பாட்டு பட்டியலில் கடைசி. கேட்டவர் ஒருவர். அதை எட்டுவதற்குள் மாதம் முடிந்தது.

இரண்டு நாளில் அக்கா மறுபடி போன் எடுத்தார். "பாட்டு வரமாட்டேங்குதுங்க தம்பி."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, யார் எப்போது கேட்டார்கள் என்று தளம் குறித்து வைக்கும் பதிவுகளைத் திறந்தேன். திரும்பத் திரும்ப அழுத்தி எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள் என்று, எத்தனை முறை கேட்டாலும் ஒரு போனை ஒருவராகவே எண்ணும்படி வைத்திருந்தவன் நான்தான். அந்த ஒரு போன் தினமும் விடியற்காலையில், தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்துக்கு முன்னால், அந்தப் பாட்டைக் கேட்டிருந்தது. ஒரு நாள்கூட விடவில்லை. கம்பனியைத் திட்டிப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. அவர்கள் ஒரு மாதம் தந்தார்கள். அந்த ஒரு பாட்டை இறக்க ஒரு நிமிடம் போதும்.

உண்மையைச் சொல்லத்தான் அக்காவை அழைத்தேன். அவர் குரலைக் கேட்டதும் தைரியம் போய்விட்டது.

"ரிப்பேர் வேலை நடக்குதுங்கக்கா. கொஞ்ச நாளாகும்."

"அவசரமில்லங்க தம்பி, மெதுவா செய்ங்க. எங்க போயிடப் போகுது, நீங்கதானே வச்சிருக்கீங்க" என்றார்.

"ஆமாங்கக்கா" என்றேன்.