படிக்கட்டுக் கம்பி

செங்கம் சாலையில் புதிதாக எழும்பும் விடுதி ஒன்றில் யாரோ இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டங், டங். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இந்த வயதில், ஒரு நொடி குடத்தைத் தேடினேன்.

சிரிக்காதீர்கள். ஏரிக்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு அரசு கட்டித்தந்த பழைய அடுக்குக் குடியிருப்பில் எங்களுக்கு அதுதான் மணி. கீழே குழாயில் தண்ணீர் வருவதைப் பார்ப்பவர், படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியைக் கரண்டியால் தட்டுவார். சத்தம் மேல்மாடிவரை ஏறும். விட்டுவிட்டுத் தட்டினால் தண்ணீர். விடாமல் தட்டினால் ஆபத்து, போட்டது போட்டபடி ஓட வேண்டும். படிக்கிற பிள்ளை என்று பேர் வாங்கிய நான் இரண்டுக்குமே சந்தோஷமாகப் புத்தகத்தை மூடியவன்.

வீடு ஒதுக்கிய அதிகாரியைச் சொல்ல வேண்டும். "பக்கத்துப் பக்கத்துல இருந்தவங்கள ஒரே படியில போடுங்கப்பா" என்றாராம். அதனால் குடிசையில் பக்கத்து வீட்டுக்காரரான சரோஜா அக்கா இங்கே எதிர்வீடு. படியேற முடியாதவர்களுக்குக் கீழ்வீடு. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகிறவர்கள் பிள்ளைகளை அந்தக் கீழ்வீடுகளில்தான் விட்டுப் போவார்கள்.

கட்டடம் பழுதென்று இடித்தார்கள். இடிக்க வேண்டியதுதான், மழைக்கு ஒழுகியது. வேங்கிக்கால் தாண்டி புதிதாகக் கட்டினார்கள். லிஃப்ட் உண்டு, வீட்டுக்குள்ளேயே குழாய். ஆனால் வீடு குலுக்கலில். எங்களுக்கு நாலாவது மாடி, சரோஜா அக்காவுக்குக் கடைசி பிளாக். அம்மா அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்சினாள்.

"எந்த வூடு வேணா குடுங்க சார். சரோஜா பக்கத்துல குடுங்க."

"கம்ப்யூட்டர் போட்டதும்மா. நாங்க மாத்த முடியாது."

ஒரு மதியம் நான் கடையில் இருந்தபோது, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. "நாலாவது மாடில யாரோ கம்பிய தட்டிக்கினே இருக்காங்க. கொழந்த தூங்க வாணாமா?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பின்னணியில் அந்தச் சத்தம் கேட்டது. விடாமல் தட்டும் சத்தம்.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுக் கிளம்பினேன். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அம்மா படியில் சாய்ந்து கிடந்தாள், நெஞ்சில் ஒரு கை, மற்றதில் கரண்டி. சுற்றிலும் கதவுகள் சாத்தியே இருந்தன.

"சரோஜா வரலியாடா?" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அந்த மக்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களையெல்லாம் பிளாக் பிளாக்காகப் பிரித்துப் போட்டாயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் படிக்கட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'கைப்பிடியைத் தட்டி மற்றவர்களுக்குத் தொந்தரவு தராதீர்கள்.' இப்போது யாரும் தட்டுவதில்லை.