பாலவனத்தத்திலிருந்து வந்த கைடுகள்

என் மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது, சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"நீங்க போற ஆபீஸுல எல்லாம் கத்திட்டு வாறீக. ஒரு வேலையும் நடக்கல. நான் எழுதிக் கொண்டுபோய்க் கேக்கேன்."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை. எங்கள் கண்மாய் மதகுக்காக நான் போட்ட சத்தத்துக்கு அந்த மதகு தானாகவே சரியாகியிருக்க வேண்டும். இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே பக்கத்துச் சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்தே சேர்த்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அது போதாது. நாடு முழுக்க நடத்தும் நுழைவுத் தேர்வை எழுதிப் பெரிய சட்டப் பல்கலைக்கழகத்தில்தான் சேருவாளாம். தேர்வுக்கு நாலு மாதம் இருந்தது. கோச்சிங் சென்டர் எல்லாம் எங்களுக்கு எட்டாத காரியம். ஒரு நல்ல கைடு இருந்தால் தானே படித்துக்கொள்வேன் என்றாள்.

அருப்புக்கோட்டைக் கடைகளில் போலீஸ் வேலைக்குக் கைடு இருந்தது. டாக்டர் படிப்புக்கு ஒரு அலமாரியே இருந்தது. வக்கீலுக்கு ஒன்றும் இல்லை. மதுரைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு கடையில் மூன்று கைடுகளை எடுத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அவள் நின்றபடியே ஒரு மணி நேரம் புரட்டினாள். எனக்குக் கால் கடுத்தது. அட்டைகளைப் பார்த்தேன். மூன்றிலும் பல்லைக் காட்டும் பிள்ளைகள். மூன்றும் நம்பர் ஒன்னாம்.

எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விட்டது. முந்தின வருஷம் பாக்கெட்டில் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும் படத்தைப் பார்த்து மிளகாய் விதை வாங்கினேன். செடி இடுப்புயரம் வளர்ந்தது. ஆடு தின்னத்தான் ஆயிற்று. எங்கள் திருச்சுழிப் பக்கம் விதை வேண்டுமென்றால் போன வருஷம் எவன் காடு நன்றாகக் காய்த்ததோ அவன் வீட்டில் போய் வாங்குவோம். அந்தப் பழக்கத்தை விட்டதால் வந்த வினை அது.

"வை கீழ. காய்ச்ச காடு ஒண்ணு எனக்குத் தெரியும்" என்றேன்.

"யப்பா, இது புஸ்தகம்."

"எல்லாம் ஒண்ணுதான். வா."

ஊர் வந்து சேரும்வரை அவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாலவனத்தத்துப் பையன் ஒருவன் இதே தேர்வில் தேறி வடக்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவை எனக்கு மிளகாய் வத்தல் போடும் கமிஷன் கடையில் பழக்கம். போய்க் கேட்டதும், "பரண்ல சும்மாதான் கெடக்கு, கொண்டுபோங்க" என்று ஒரு யூரியாச் சாக்கு நிறையக் கைடுகளை அள்ளிக் கொடுத்தார். மொபெட்டில் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி வந்து இறங்கினேன்.

மகள் ஒன்றைப் பிரித்தாள். இன்னொன்றைப் பிரித்தாள்.

"எல்லாக் கேள்விக்கும் பென்சில்ல விடை குறிச்சிருக்கு."

"நல்லதுதான? ஒனக்கு வேலை மிச்சம்."

"அறுத்த காட்டத் தூக்கிட்டு வந்திருக்கீக. இதுல நான் என்னத்தப்பா அறுக்க?"

எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி சமாதானம் சொன்னது அதைவிடச் சத்தமாகக் கேட்டது: "விடு புள்ள. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே வீடு மாறிப் போயி அடுத்த வீட்டுல காப்பி குடிச்ச மனுசன்."

மழையை எதிர்பார்த்துச் சும்மா இருந்த நாட்கள் அவை. ஒரு ரப்பர் வாங்கிவந்து, பென்சில் குறிகளை அழிக்க உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் படித்து அர்த்தம் தெரியாது. ஏ, பி, சி, டி தெரியும். புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைகளோடு பையன் குறித்ததை ஒத்துப் பார்த்துக்கொண்டே அழித்தேன். முதல் பக்கத்தில் பத்துக்கு ஆறு தப்பு. அடுத்ததில் ஏழு.

"ஏத்தா, இங்க வா! இந்தப் பயலுக்கு ஒரு எழவும் தெரியல. பத்துக்கு ஏழு தப்பு. இவனுக்கு எவன் சீட்டுக் குடுத்தான்?"

வந்து பார்த்தாள். ஐந்தாறு பக்கம் தள்ளிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"மதுரைக் கடையில போட்டுப் பாத்தப்ப எனக்குப் பத்துக்கு அஞ்சுதான் யப்பா தப்பு வந்துச்சு. அதுக்கே நம்மால ஏலாதுன்னு விட்டுறலாமான்னு நெனச்சேன்."

விட்டுவிடலாமென்று அவள் நினைத்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். பையனின் நம்பரை அவன் அப்பாவிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"ஐயையோ, அதையா குடுத்துவிட்டாக?" என்றான் அவன். "அது பழைய மாதிரித் தேர்வுக்கு உள்ளதுங்க. தெரியாம வாங்கிட்டு ஒரு மாசம் வீணாப் போச்சு. இப்ப ஒரு பெரிய பத்தியக் குடுத்து அதுக்குள்ள இருந்துதான் கேள்வி கேக்காங்க. நல்ல கைடு எல்லாம் இங்க கொண்டுவந்து, பெறகு வந்தவங்களுக்குக் குடுத்துட்டேன்."

எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டாள்.

"விடைப் பகுதியத் திருப்பிப் பாருங்க. வெறும் ஏ, பி, சி இருந்தா வச்சுருங்க. ஏன் இது சரி, மத்தது ஏன் தப்புன்னு எழுதியிருக்கணும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காய்ச்ச காட்டுல வெதை எடுக்கல நீங்க. களத்துல கூட்டித் தள்ளுன பதர அள்ளிட்டு வந்திருக்கீக."

நான் ரப்பர் தூளை ஊதித் தள்ளினேன்.

மறுபடி மதுரைக்குப் போனோம். "நீங்க வெளியில நில்லுங்க" என்றாள். உச்சி வெயிலில் நின்றேன். ஒரே ஒரு புத்தகத்தோடு வந்தாள். முதலில் பார்த்தவற்றில் பாதி கனம்கூட இல்லை.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே படிக்க ஆரம்பித்துவிட்டாள். காரியாபட்டி தாண்டும்வரை நிமிரவில்லை.

மார்கழியில் தேர்வு எழுதினாள். முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த பட்டியல் வந்த அன்று நாங்கள் காட்டில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். வரப்பில் ஓடிவந்து, இடம் கிடைத்துவிட்டது என்றாள். எங்கே என்றேன். ஒடிசா என்றாள்.

"அம்புட்டுத் தூரமா? பக்கத்துல ஒண்ணுமே இல்லையா?" என்று கத்தினேன். பழம் பறிக்கிற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இருந்துச்சு யப்பா. ஒங்க சத்தம் கேக்காத எடமாப் பாத்துத்தான் எழுதிப் போட்டேன்."

காடே சிரித்தது. நான் குனிந்து கைக்கு வந்ததைப் பறித்துச் சாக்கில் போட்டேன்.

"அண்ணே, பழத்த விட்டுட்டுப் பச்சக் காயாப் பறிச்சுப் போடுறீக" என்றாள் ஒருத்தி.

"என் காடு. எதையும் பறிப்பேன்" என்றேன்.