கிட்டங்கியில் சொன்ன கடைசிப் பகுதி

உடன்குடி பஜாரைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலையில் முத்துக்குமரனின் கருப்பட்டிக் கிட்டங்கி, சரக்கு சேர்த்து வைக்கிற கிடங்கு, இருக்கிறது. பலகையில் அவன் பெயர்தான் எழுதியிருக்கும். ஆனால் உள்ளே உட்கார்ந்து கருப்பட்டியைத் துடைத்து, தரம் பார்த்து, ஓலைக் கொட்டானில் அடுக்குகிற பெண்களிடம் கேட்டால், அது பேச்சிச்செல்வியின் கிட்டங்கி என்பார்கள்.

பேச்சிச்செல்வி முத்துக்குமரனின் அக்கா. சென்னையில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று அப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பா இறந்த பிறகு வீடும் வியாபாரமும் தம்பி கைக்கு வந்தன. வீட்டில் அவளுக்கென்று ஒரு கட்டிலும், கிட்டங்கியில் ஒரு மணையும் இருந்தன. மற்றதெல்லாம் தம்பி பெண்டாட்டி ஐஸ்வர்யாவைக் கேட்டுத்தான்.

ஆனால் சனிக்கிழமை மட்டும் அவள் ராணி.

‘ஈரச்சுவர்’ என்று ஒரு தொடர். வாரம் ஒரு பகுதி, வெள்ளிக்கிழமை இரவு காசு கட்டிப் போனிலோ டிவியிலோ பார்க்கிற ஆப்பில் வரும். இப்படி ஒரு தொடர் தமிழில் வந்ததே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின, விருதும் கொடுத்தார்கள். கிட்டங்கிப் பெண்கள் யார் வீட்டிலும் அந்த ஆப் கிடையாது. பேச்சிச்செல்வி சனிக்கிழமை விடியற்காலையில், வீடு எழுந்திரிப்பதற்கு முன்னால், ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துவிடுவாள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கிட்டங்கியில் கதை நடக்கும்.

கதை இதுதான். மரகதம் என்று ஒரு பெண் தம்பியை வளர்த்து ஆளாக்குகிறாள். அம்மா இறந்த பிறகு அவள் விட்டுப்போன வீட்டை விற்க வேண்டும் என்று தம்பி நிற்கிறான். மரகதம் முடியாது என்று சொல்வதில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள். அவன் வாராவாரம் வந்து கேட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

“இதுக்கா அவார்டு குடுத்தாவ?” என்பாள் பிரேமா. அவள்தான் அங்கே வயதில் சின்னவள், எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பாள். “ஒருத்தி மாடிப்படி ஏறி மேல போய்ச் சேர அரை மணி நேரம் ஆவுது. நான் ஏறியிருந்தா அதுக்குள்ள துணி காயப்போட்டுட்டு வந்திருப்பேன்.”

“நீ ஏறுனா படி தாங்கணும்லா,” என்பாள் சண்முகத்தாய்.

சண்முகத்தாய்க்கு அறுபது வயது இருக்கும். அவளுடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அந்தப் பய வந்து நிக்கான். இவ ஏன் நாலு வார்த்தை கேக்க மாட்டேங்கா?”

அதற்குப் பேச்சிச்செல்வி ஒரு நாள் சொன்னாள்: “கோவம் இல்லாமலா பேசாம இருக்கான்னு நினைக்கிய? பாகு இறக்கி வச்ச சட்டியப் பாரு. மேல ஆடை கட்டி ஆறுன மாதிரி இருக்கும். விரல வச்சியோ, எலும்பு வரைக்கும் வெந்துரும். அதாம்க்கா மரகதம்.”

சண்முகத்தாய் கையிலிருந்த கருப்பட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான், பரமன்குறிச்சியில். அப்பா அவளுக்கென்று சொல்லிவிட்டுப் போன பனைவிளையை, அந்தப் பனந்தோப்பை, அவன் பிடித்து வைத்துக்கொண்டான். பல வருடமாக அவன் வாசலை அவள் மிதித்ததில்லை. நல்லது கெட்டது எதற்கும் அங்கே கை நனைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். கோர்ட்டில் கேஸ் நடந்தால்கூடப் பேசித் தீர்க்கலாம். ஆனால் பகையாளி வீட்டில் சோற்றில் கை வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது, அதற்கு மேல் பழசைப் பேச வாய் கிடையாது.

ஐஸ்வர்யாவும் சனிக்கிழமை மத்தியானம் கிட்டங்கிக்கு வருவாள். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்பாள். தன்னையும் ஒரு ஆளாக மதித்து வருகிறாளே என்று பேச்சிச்செல்விக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவளுக்காகவே சில இடங்களைக் கூட்டிச் சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை பிரேமா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். “எக்கா, இதக் கொஞ்சம் பாரு. எனக்கு வயிறு எரியுது.”

போனில் ஐஸ்வர்யா. பட்டுச் சேலை கட்டி, முகத்துக்கு நேரே விளக்கு வைத்துக்கொண்டு ‘ஈரச்சுவர்’ பற்றித் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “மரகதத்தோட மௌனம் இருக்கே, அது பாகு மாதிரி. மேல ஆடை கட்டி ஆறின மாதிரி தெரியும். விரலை வெச்சா எலும்பு வரைக்கும் வெந்துடும்.” கீழே ஆயிரக்கணக்கில் பாராட்டு. சகோதரி எங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்கள், பெரிய விமர்சகர்களுக்குத் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பேச்சிச்செல்வி பழைய வீடியோக்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாச் சனிக்கிழமையும் அதில் இருந்தது. அவள் மூச்சு விட்ட இடத்தில்கூட ஐஸ்வர்யா மூச்சு விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் கேட்டாள்.

“ஏளா ஐஸு, நான் சொன்னத நீ சொன்னதா சொல்லியிருக்கியே.”

ஐஸ்வர்யா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். “கருத்துக்கு யாரு மதினி பட்டா போட்டு வச்சிருக்கா? நாலு பேரு ஒரே மாதிரி நினைக்க மாட்டாவளா?”

“நீ அந்தத் தொடர ஒரு நாளாவது முழுசாப் பாத்திருக்கியா?”

“பாத்தேன். தூக்கம் வந்துட்டு. பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்கு. நீங்க சொல்லிக் கேட்டாத்தான் தோணுது.” அதை அவள் சிரித்துக்கொண்டே, ஒரு பாராட்டு மாதிரித்தான் சொன்னாள்.

“அப்போ எங்க மதினி சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

முத்துக்குமரன் டிவியிலிருந்து தலையைத் திருப்பினான். “அக்கா, இதப் பெருசு பண்ணாத. நீ வேலைக்காரங்களுக்குக் கதை சொல்லுத. அவ உலகத்துக்குச் சொல்லுதா. ரெண்டும் ஒண்ணா?”

பேச்சிச்செல்வி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். மளிகைக் கடைக்காரர் அடித்தபோதுகூட இப்படி வலித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வீட்டில் அவளுடையது என்று ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு, அது உன்னிடம் இருந்தபோது மதிப்பில்லாதது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கதை சொல்லாமல் இருப்பாள் என்று பிரேமா நினைத்தாள். பேச்சிச்செல்வியோ வழக்கத்தைவிட நன்றாகச் சொன்னாள். ஐஸ்வர்யா வந்ததும் எழுந்து தானே ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“உனக்குச் சூடு சொரணையே கிடையாதாக்கா?” என்று பிரேமா காதில் கேட்டாள்.

“கொட்டானக் கட்டு,” என்றாள் பேச்சிச்செல்வி.

அவள் காத்திருந்தது கடைசிப் பகுதிக்காக. அந்த நேரத்தில்தான் தொடர் எடுத்தவர்கள் தூத்துக்குடியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நேயர் சந்திப்பு வைத்தார்கள். கடைசிப் பகுதி வெளியான மறுநாளைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இயக்குநர் வருவார், மரகதமாக நடித்த நடிகை வருவார், போனில் நேரலையாகவும் காட்டுவார்கள். நேயர்கள் சார்பில் மேடையில் பேச மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருத்தி ஐஸ்வர்யா. முத்துக்குமரன் பஜாரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். வெள்ளிக்கிழமை ஐஸ்வர்யா ஏரலில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போனாள். சனிக்கிழமை மத்தியானம் பூவும் மருதாணியுமாக நேரே கிட்டங்கிக்கு வந்து இறங்கினாள்.

“சொல்லுங்க மதினி. இன்னைக்கு நல்லா விரிச்சுச் சொல்லணும். என் மானமே உங்க கையிலதான் இருக்கு.”

“சொல்லுதேன்,” என்றாள் பேச்சிச்செல்வி.

விடியற்காலையில் அவள் பார்த்த கடைசிப் பகுதியில் மரகதம் கதவைத் திறக்கவே இல்லை. தம்பி மழையில் நின்று கூப்பிடுகிறான். உள்ளே அவள் தனக்குச் சோறு போட்டு, நிதானமாகச் சாப்பிட்டு, விளக்கை அணைக்கிறாள். முடிந்தது.

பேச்சிச்செல்வி வேறு சொன்னாள்.

மழை கொட்டுகிறது என்றாள். தம்பி வாசலில் நனைந்து நிற்கிறான் என்றாள். மரகதம் எழுந்து கதவு வரைக்கும் வந்து, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள், அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்ததை நினைக்கிறாள், திறக்கிறாள் என்றாள். “‘உள்ள வாலே’ன்னு ஒரு சொல்லு. இத்தனை வாரத்துல அவ அவன்கிட்ட பேசுன மொத வார்த்தை. இலை போட்டுச் சோறு வைக்கா. அவன் கைய நனைக்கான். சோறு வாய்க்குப் போக மாட்டேங்கு. இவ இடுப்புல இருந்து சாவிய எடுத்து இலைக்குப் பக்கத்துல வைக்கா. ‘தின்னுட்டு வீட்டப் பூட்டிக்க’ன்னு சொல்லிட்டு மழையில இறங்கிப் போயிட்டா. அவ்வளவுதான். திரும்பிப் பாக்கவே இல்ல.”

கிட்டங்கியில் ஒரு கையும் அசையவில்லை. பிரேமாவே மூக்கை உறிஞ்சினாள். சண்முகத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பேச்சிச்செல்விக்கே அது ஆச்சரியமாக இருந்தது. மன்னிப்பை அவ்வளவு அழகாகச் சொல்ல முடிந்தது, மனதில் ஒரு துளிகூட மன்னிப்பு இல்லாமல்.

ஐஸ்வர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “போதும் மதினி. இது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேச்சிச்செல்வி பிரேமா வீட்டுக்குப் போய், அவள் போனில் நேரலை பார்த்தாள். ஐஸ்வர்யா மூன்றாவதாகப் பேசினாள். பக்கத்து நாற்காலியில் அந்த நடிகை.

“மரகதம் மேடம் கதவைத் திறந்து தம்பியை உள்ள கூப்பிட்டு, இலை போட்டுச் சோறு வெச்சாங்க பாருங்க, அங்கயே என் உயிர் போச்சு. அந்தச் சாவியை இலைக்குப் பக்கத்துல வெச்சப்போ மேடம் அழுத அழுகை...”

நடிகை குனிந்து மைக்கைப் பிடித்தார். “நான் அழலையேம்மா. கதவையே திறக்கலையே.”

ஹாலில் முதலில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். பின்னாலிருந்து ஒருவன், “எக்கா, நீங்க பாத்தது எந்தச் சேனல்ல?” என்று கத்தினான். ஐஸ்வர்யா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இயக்குநர் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, “அவங்க மனசுல ஓடின முடிவா இருக்கலாம், அதுவும் அழகுதான்,” என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். போனில் கீழேயிருந்து மேலே கருத்துகள் ஓடின. இவள் தொடரைப் பார்த்ததே இல்லை. இத்தனை நாள் யார் எழுதிக் கொடுத்தார்கள்? பட்டுச் சேலை மட்டும் சொந்தமா?

பேச்சிச்செல்வி ஒவ்வொன்றையும் வாசித்தாள். வேகமாக ஓடியதை விரலால் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிரேமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “எக்கா, நீ வேணும்னே சொன்னியா?” என்று கேட்டாள். “தேத்தண்ணி இருந்தாப் போடு,” என்றாள் பேச்சிச்செல்வி.

வீட்டுக்கு வந்த முத்துக்குமரன் செருப்பைக் கழற்றவில்லை. “ஏன்க்கா இப்படிச் செஞ்ச?”

“நான் வேலைக்காரங்களுக்குச் சொன்ன கதைதாம்லே அது. உலகத்துக்குப் போய்ச் சொல்லச் சொல்லி நானா அனுப்புனேன்?”

அவன் செருப்போடே திரும்ப வாசலுக்குப் போனான். ஐஸ்வர்யா மட்டும், “நீங்க சொன்னாச் சரியா இருக்கும்னு நம்பினேன் மதினி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பேச்சிச்செல்வி அன்று வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை சண்முகத்தாய் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கிட்டங்கியில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“நேத்துப் பரமன்குறிச்சிக்குப் போனேம்ளா,” என்றாள். “மரகதம் சாவியக் குடுத்துட்டுப் போனதக் கேட்டதுக்கப்புறம் எனக்கு மனசு கேக்கல. வாசல்ல நின்னேன். தம்பி ஓடி வந்துட்டான். சோறு போட்டா அவன் பொண்டாட்டி. கை நனைச்சுட்டேன். விளைய நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

பிரேமா பேச்சிச்செல்வியைப் பார்த்தாள். பேச்சிச்செல்வி கருப்பட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் பிரேமாதான் சொன்னாள், மேடையில் நடந்ததை.

சண்முகத்தாய் பேச்சிச்செல்வி பக்கம் திரும்பினாள். “அப்போ அவ கதவத் திறக்கலையா?”

“இல்லக்கா,” என்றாள் பேச்சிச்செல்வி.

“சோறு போடலையா?”

“இல்ல.”

“பின்ன ஏம்ளா அப்படிச் சொன்ன?”

“தம்பி பொண்டாட்டி மூஞ்சில கரியப் பூசணும்னு சொன்னேன்.”

“பூசுனியா?”

“பூசுனேன்.”

“நல்லாப் பூசு. யாரு வேண்டாங்கா? அதுக்கு என்னைய எதுக்குளா அவன் வாசல்ல கொண்டு நிறுத்துன? மரகதம் கடைசிவரை திறக்கலன்னு நீ சொல்லியிருந்தா நானும் போயிருக்க மாட்டேன்.”

“போய்ச் சொல்லிடுக்கா. விளையக் குடுக்க மாட்டேன்னு திருப்பிச் சொல்லு.”

“எப்படிச் சொல்ல? கை நனைச்சாச்சே.”

சண்முகத்தாய் பூவைப் பிய்த்து எறிந்தாள். மணையைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கியின் மறுமூலைக்குப் போய் உட்கார்ந்தாள். பேச்சிச்செல்வி துடைத்த கருப்பட்டியையே மறுபடியும் துடைத்தாள். ஐஸ்வர்யாவுக்குச் செய்ததற்கு அவள் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை வாய்த்தாலும் செய்வாள். ஆனால் குறி வைத்த ஆளுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை.

ஐஸ்வர்யா அதற்குப் பிறகு வீடியோ போடவில்லை, கிட்டங்கிப் பக்கமும் வரவில்லை. இப்போது வேறொரு தொடர் ஓடுகிறது, அதற்கும் பத்திரிகைகளில் நல்ல பெயர். பேச்சிச்செல்வி சனிக்கிழமை விடியற்காலையில் பார்க்கிறாள். மத்தியானம் சொல்லத் தொடங்குகிறாள். பெண்கள் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் மறுமூலையிலிருந்து சண்முகத்தாயின் குரல் வருகிறது.

“ஏளா, இது நடந்ததா, நீ நடத்துததா?”

“நடந்ததுக்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சரி, சொல்லு,” என்கிறாள் சண்முகத்தாய். அடுத்த இடத்திலும் கேட்கிறாள். முதலில் பெண்கள் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை, பேச்சிச்செல்வி பதில் சொல்லும்வரை அவர்களும் காத்திருக்கிறார்கள். விளை திரும்பி வரப்போவதில்லை என்று சண்முகத்தாய்க்குத் தெரியும். அதனால் அவள் கேட்பதை நிறுத்தப்போவதில்லை.