துணிக்கு அடியில் ஒரு மண்டையோடு

மியூசியம் அக்கா என்றால் அந்தக் கல்லூரியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்த விலங்கியல் மியூசியத்துக்குள்ளே ஒரு ஈ காக்கா வராது. மாசாமாசம் பொதுமக்களுக்கு ஒரு பேச்சு, அது முடிந்ததும் அலமாரி அலமாரியாகச் சுற்றிக் காட்டுவது, இதுதான் அவள் உத்தியோகம். பாடம் செய்த ஆந்தையும் பாட்டிலில் சுருண்ட பாம்பும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பேச்சுக்கு அவள் ஒரு உத்தி வைத்திருந்தாள். பொருளைத் துணியால் மூடி மேஜையில் வைப்பாள். "வெளியே காது மடலே கிடையாது, ஆனா இதுக்குக் கேக்குற மாதிரி நமக்குக் கேக்காது. யாரு, சொல்லுங்க பாப்போம்?" என்று குறிப்புக் கொடுப்பாள். கூட்டம் மீன், ஆமை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஓய்ந்த பிறகுதான் துணியை எடுப்பாள். அப்போது எழும் அந்த 'அட!' இருக்கிறதே, அதற்காக உயிரையே கொடுப்பாள். அதைக் கேட்டு வருஷக்கணக்காச்சு, பாவம்.

பிரின்சிபால் ஒருநாள் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், சுற்றி வளைக்கவில்லை.

"கம்ப்யூட்டர் லேபுக்கு இடமில்லாம பிள்ளைங்க வராந்தாவுல உக்காந்திருக்கும்மா. சனிக்கிழமை பேச்சுக்கு நானே வரேன். வெளியாளுங்க வராங்கன்னு என் கண்ணால பாத்துட்டா ரூம் உங்களுது. இல்லேன்னா காலி பண்ணித்தான் ஆகணும்."

கடை கடையாக ஏறி நோட்டீஸ் ஒட்டினாள். ஒரு போன் வரவில்லை. கடைசியில் புருஷன், மாமியார், கொழுந்தன், அவன் பெண்டாட்டி, அவர்கள் சொந்தபந்தம் என்று ஒரு வேன் நிறைய ஆளைத் திரட்டினாள். வேறு என்னதான் செய்வாள்?

"என்னைத் தெரிஞ்ச மாதிரி யாரும் காட்டிக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"எனக்கா சொல்ற? நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள் மாமியார்.

சனிக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. கடைசி வரிசையில் பிரின்சிபாலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்கா முதல் குறிப்பைச் சொன்னாள். ஒருத்தரும் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? வாரம் முழுக்க அடுப்படியில் இதையேதான் அவள் ஒத்திகை பார்த்தாள். விடை அத்தனை பேருக்கும் அத்துப்படி. தப்பாக ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? இரண்டாம் குறிப்பு, மூன்றாம் குறிப்பு. சொன்ன குறிப்பையே அவள் மறுபடி மறுபடி சொன்னாள்.

மருமகள் தவிப்பதைப் பார்க்க மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "டால்பின் மண்டைதானேம்மா! வீட்டுல நல்லாச் சொன்னியே, இப்ப ஏன் திணறுற?"

துணி இன்னும் எடுக்கப்படவில்லை. பிரின்சிபால் மெதுவாக எழுந்து, "நல்லாப் பேசினீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

வேனில் புருஷன் தன் அம்மாவைக் கடித்துக் குதறினான். "அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "வேற யாரு வந்தாங்க எனக்கு?" மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள். ஆந்தையையும் பாம்பையும் வைக்கோல் திணித்த பெட்டிகளில் இறக்கினார்கள். அவர்களில் பெரியவர் நின்று கேட்டார்.

"இதெல்லாம் எங்கம்மா போகுது?"

"மாடிப்படிக்கு அடியில."

"அங்க யாரு வந்து பாப்பாங்க?"

அக்கா டால்பின் மண்டையோட்டை அதே துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"உடையும், பாத்துத் தூக்குங்க" என்றாள்.