பாதி டின்னைக் கழற்றாதே

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு டொரத்தி அடி வாங்கினால், என் வீட்டு அலமாரியில் பீங்கான் தட்டுகள் ஆடும். சுவர் அவ்வளவு மெலிசு. அடிப்பவன் அவள் புருஷன் கேவின். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். குடிப்பவன்கூட இல்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிற யோக்கியன். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டொரத்திக்கு வேலை, கதவும் ஜன்னலும் பொருத்துவது. சுபாங் ஜெயாவில் புதிதாகக் கட்டும் வீடுகளில் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே நுரை அடிப்பாள். மஞ்சளாகப் பொங்கிக் கொஞ்ச நேரத்தில் கட்டையாக இறுகிவிடும் நுரை. அதை அடிக்கிற ஃபோம் கன்னைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருப்பாள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, துணியில் கிளீனரை நனைத்து அதன் முனையைத் துடைப்பாள். பின்பக்கத் திருகை இறுக்கி மூடுவாள். திருகு மூடியிருந்தால் விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் வராது. ஆனால் மேலே மாட்டிய நுரை டின்னை மட்டும் தொட மாட்டாள்.

ஒருநாள் நான் அதைக் கழற்றப் போனேன். என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"பாதி டின்ன கழட்டக் கூடாது வாணி. வால்வு அடைச்சுக்கிச்சுன்னா உள்ள இருக்கிறது மொத்தமும் மூஞ்சில பீச்சும். கையில ஒட்டிக் காஞ்சா அந்தக் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது லா."

போன வருஷம் அவள் உதடு கிழிந்தபோது நான்தான் அவளைப் போலீஸ் பாலாய்க்கு இழுத்துக்கொண்டு போனேன். போலீஸ்காரர் கேவினைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"நான் கை வைக்கவே இல்ல, துவான். வேலையில ஏணியிலேர்ந்து விழுந்துட்டா."

சுத்தமான கை. நம்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் புகார் கொடுத்ததற்கும் சேர்த்து வாங்கினாள். "இனிமே நான் செத்தாலும் ஏணியிலேர்ந்து விழுந்தேன்னுதான் எழுதுவாங்க," என்று என்னிடம் சொன்னாள்.

இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தட்டுகள் ஆடவில்லை. ஒன்று விழுந்தே உடைந்தது. கையிலிருந்த தோசைக்கரண்டியோடு ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. டொரத்தி தரையில் கிடந்தாள், மூக்கெல்லாம் ரத்தம். பந்திங்கில் இரண்டு நாள் வேலை இருக்கிறது, போகிறேன் என்று சொன்னாளாம். அதுதான் குற்றம். கேவின் ஃபோம் கன்னை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான்.

"இது இருக்கிற திமிருதானே உனக்கு? கண்ண அடைக்கிறேன் பாரு!"

விசையை அழுத்தினான். வரவில்லை. மறுபடியும் அழுத்தினான். வரவில்லை. அவமானம் தாங்காமல் அவள் இடுப்பில் ஓர் உதை விட்டுவிட்டு, டின்னைப் பிடித்துத் திருகினான்.

"கழட்டாத!" என்று டொரத்தி கத்தினாள். அவனுக்காகத்தான் கத்தினாள், பைத்தியக்காரி.

டின் சீறியது. கை, கன்னம், கண் இமை எங்கும் மஞ்சள். கேவின் அலறினான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். டொரத்தி எழுந்து, அவனைக் காலரோடு குளியலறைக்கு இழுத்துப் போய்க் குழாயடியில் தலையை அமுக்கினாள்.

"கண்ணத் தொறடா, நாயே! தொற!"

இமையை விரலால் பிரித்துப் பிடித்துத் தண்ணீரை விட்டாள். அவன் திமிறி முழங்கையால் அவள் வாயில் இடித்தான். ஒரு பல் தரையில் விழுந்தது. அவள் விடவில்லை.

பார்வை தெளிந்ததும் அவன் செய்த முதல் வேலை, அவள் கூந்தலை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதியது. நான் தோசைக்கரண்டியால் அவன் முதுகில் சாத்தினேன். கரண்டிதான் வளைந்தது. அவன் முடியை விடாமல் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். மோதினான், மறுபடி திட்டினான். கடைசியில் அறைவதற்காகக் கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. தண்ணீர் பட்ட நுரை சீக்கிரம் இறுகும்.

"விடுடா," என்றாள் அவள்.

"வர மாட்டேங்குது! ஏய், கிளீனர் எங்க? கிளீனர் அடி!"

குளியலறை வாசலில் என் காலடியில் கிடந்த அவள் வேலைப் பையில்தான் கிளீனர் டப்பா இருந்தது. எடுத்தேன்.

"வேணாம் வாணி. கத்தியக் குடு," என்றாள் டொரத்தி.

கேவின் முகம் வெளுத்துவிட்டது. காய்ந்த நுரையை அறுக்கிற கத்தியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கித் தன் கூந்தலைக் காதோரமாக அறுத்தாள். அறுத்து முடித்துத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள்.

நாங்கள் பாலாய்க்குப் போனபோது அவன் எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றான். பெண்டாட்டி தன்னைக் குருடாக்கப் பார்த்தாள் என்று புகார். பெண் அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். டொரத்தியைக் கண்டதும் கேவின் குரலை உயர்த்தினான்.

"நான் கை வைக்கவே இல்ல, புவான்!"

பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் விரித்தான். இறுகிய மஞ்சள் நுரையிலிருந்து முடி கற்றை கற்றையாகத் தொங்கியது.

"இது யாருடைய முடி?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

டொரத்தி தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள்.